படுத்தது நியூயார்க்கில், எழுந்தது லாஸ் ஏஞ்சல்ஸில்

அக்டோபர் கடைசி வாரம், மன்ஹாட்டனில் ஒரு கல்லூரி விடுதி. வெள்ளி இரவு ஊர் சுற்றிவிட்டு 3 மணிக்குப் படுத்த மாணவி, சனிக்கிழமை 11 மணிக்குக் கண் விழிக்கிறாள். மூலைக்கடையில் பேகலும் காபியும். யூனியன் சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை கூடியிருக்கும். ஆப்பிளும் பூசணியும் குவித்துவைத்து, சுடச்சுட ஆப்பிள் சைடர் விற்பார்கள். மத்தியானம் சென்ட்ரல் பார்க்கில் மஞ்சளும் சிவப்புமாய் நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டே நடை. ராத்திரி மறுபடி 3 மணி. ஞாயிறும் அப்படியே கழிகிறது. திங்கள் காலை 7 மணிக்கு அலாரம் அடிக்கும்போதுதான் வினை.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். வாரநாளில் அவள் 1 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறாள் என்றால் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 4 மணி. விடுமுறையில் 3 முதல் 11 வரை தூங்கினால் அந்த நடுப்புள்ளி காலை 7. இடைவெளி 3 மணி நேரம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்த டில் ரோனெபெர்க்கும் அவருடைய சகாக்களும் 2006இல் இந்த இடைவெளிக்கு 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள். ஜெட்லாக் என்பது வேறு நேர மண்டலத்துக்கு விமானத்தில் போய் இறங்கியதும் உடம்புக்கு வரும் தடுமாற்றம். நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் உள்ள நேர வித்தியாசமும் சரியாக 3 மணிதான். ஆக, இந்தப் பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டிக்கெட் இல்லாமல் மேற்குக் கரைக்குப் போய், திங்கள் விடியற்காலை கிழக்கே திரும்பி வருகிறாள். போவது சுகம், திரும்பி வருவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. உடம்பு ஏன் இந்த இரண்டு பயணத்தையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை?

1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மைரான் தொட்டாற்சிணுங்கிச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் இருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடிக்கொண்டன. நேரம் பார்க்கும் ஏதோ ஒன்று உயிருக்குள்ளேயே இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. நம்முடைய தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள், அவ்வளவுதான்.

அந்த அணுக்களுக்குள் நடப்பது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் தானியங்கி மோட்டார் வேலை மாதிரி. சில மரபணுக்கள் ஒருவகைப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். அந்தப் புரதம் நிறைந்ததும் உட்கருவுக்குள் போய், தன்னைச் செய்யும் மரபணுவையே நிறுத்திவிடும். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். அளவு குறைந்ததும் மரபணு மறுபடி ஓடத் தொடங்கும். இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதைத் துப்புத் துலக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

'ஏறக்குறைய' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லரின் குழு மனிதர்களை வெளியுலக நேரம் தெரியாத அறைகளில் தங்கவைத்து 1999இல் கணக்கிட்டபோது, நம் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரியவந்தது. பூமியைவிட நாம் கொஞ்சம் சாவதானமான ஆட்கள். வெளிச்சம் தினமும் முள்ளைத் திருத்திவைக்காவிட்டால் நாள் பின்னுக்கு வழுக்கிக்கொண்டே போகும். அதனால் தாமதமாகப் படுப்பது பெரும்பாலோர்க்கு நீரோட்டத்தோடு போவது, சீக்கிரம் படுப்பது எதிர்நீச்சல். விமானத்தில் மேற்கே போனால் ஜெட்லாக் குறைவாகவும் கிழக்கே போனால் அதிகமாகவும் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. பதின்பருவம் தொடங்கியதிலிருந்து தூக்க நேரம் ஆண்டுக்காண்டு பின்னே நகர்ந்து, இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அப்புறம் மெல்லத் திரும்புகிறது. ரோனெபெர்க் குழு 2004இல் வெளியிட்ட கணக்கில் இந்தத் திருப்பம் பெண்களுக்குச் சுமார் 19½ வயதிலும் ஆண்களுக்கு 21ஐ நெருங்கும்போதும் வருகிறது. வளரிளம் பருவம் முடிந்ததற்கான உயிரியல் அடையாளமாகவே இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 'மத்தியானம் வரைக்கும் தூங்கினா உருப்படுமா?' என்று ஊரிலிருந்து வீடியோ காலில் கேட்கும் அப்பாவுக்கும் இருபது வயதில் அப்படித்தான் தூக்கம் வந்திருக்கும். மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, ஞாயிறு ராத்திரிக்கு வருவோம். 'நாளைக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு இருக்கு' என்று நினைத்து, நல்ல பிள்ளையாக 11 மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறாள். தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுக்கிறாள். போனை எடுக்கிறாள், வைக்கிறாள். பரீட்சை பயம் என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் அந்த நேரத்தில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் அவளுக்கு எதிராக நிற்கின்றன.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று சூரிக்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த கோட்பாடு இன்றுவரை நிற்கிறது. ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை ஆற்றலைச் செலவழிக்கிறது. அதன் உடன்விளைவாக அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக் கூடக் கண் சொருகும். இன்னொன்று, மேலே சொன்ன கடிகாரம். ஞாயிறு 11 மணிக்கு எழுந்தவள் இரவு 11க்குப் படுக்கும்போது விழித்திருந்தது 12 மணி நேரம்தான். வழக்கமான ஒரு நாளில் பதினாறு, பதினேழு மணி நேரத்து அடினோசின் சேர்ந்திருக்க வேண்டும். அது போதவில்லை.

கடிகாரத்தின் கோளாறு இன்னும் வேடிக்கையானது. பகல் நெடுக ஏறும் தூக்க அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து நம்மை நிமிர்த்தி வைத்திருப்பதும் அதே கடிகாரம்தான். அந்த உந்துதல் உச்சத்துக்குப் போவது, வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில். அந்த இடைவெளியில் வேண்டுமென்றே தூங்கப் பார்த்தாலும் தூக்கம் எளிதில் கூடாது. இரண்டு நாளாக 3 மணிக்குப் படுத்துப் பழகிய உடம்புக்கு 11 மணி என்பது அந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே வருகிறது. பிறகு, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கிக் கதவைத் திறந்துவிடும். அவளோ கதவு திறக்கும் முன்பே முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பிந்திப் படுத்துப் பிந்தி எழுந்த ஒரே ஒரு வாரஇறுதிகூட மெலடோனின் தொடங்கும் நேரத்தை முக்கால் மணி அளவுக்குப் பின்தள்ளியதை, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். முழு 3 மணி நேரமும் கடிகாரம் நகர்ந்துவிடுவதில்லை. ஏற்கெனவே பிந்தி ஓடும் கடிகாரம், கிடைத்த சுதந்திரத்தில் இன்னும் கொஞ்சம் பிந்துகிறது.

காபி இதில் இரட்டை வேடம் போடுகிறது. கஃபீன் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு சேர்ந்தபடியே இருக்கும், தகவல்தான் மூளைக்குப் போகாது. பாதியளவு கஃபீன் உடம்பைவிட்டு வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக்கு நூலகத்தில் குடித்த கோப்பையில் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இது பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது, கஃபீன் கடிகாரத்தையும் தொடுகிறது என்பது. கொலராடோவில் கென்னத் ரைட்டின் குழு 2015இல் செய்த சோதனையில், படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னால் இரட்டை எஸ்ப்ரெஸோ அளவுக்குக் கஃபீன் எடுத்தவர்களின் மெலடோனின் தாளம் சுமார் 40 நிமிடம் பிந்தியது.

அப்படியானால் சனிக்கிழமை நீண்ட தூக்கம் வீணா? இல்லை. வாரம் முழுக்க 6 மணி நேரம் தூங்கியவளிடம் கடன் இருக்கிறது. உடம்பு அதை வசூலித்தே தீரும். ஆனால் வட்டியும் முதலுமாக மணிக்கு மணி வசூலிப்பதில்லை. சான் டியேகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவர் 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை 264 மணி நேரம், அதாவது 11 நாள், தூங்காமல் இருந்து காட்டினார். அதற்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் தூங்கியது 14 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். உடம்பு ஆழ்ந்த தூக்கத்தை முதலில் பிடித்துக்கொள்கிறது. நேரத்தைவிட ஆழத்தில்தான் ஈடுகட்டுகிறது. அதனால்தான் சனிக்கிழமைத் தூக்கத்தில் அடித்துப்போட்டது போல இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதே ரைட்டின் குழு 2019இல், 36 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், அவர்களில் ஒரு பிரிவினரை வாரநாளில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு வாரஇறுதியில் இஷ்டம்போல் தூங்க அனுமதித்துப் பார்த்தது. மறுபடி திங்கள் வந்ததும், சாப்பாட்டுக்குப் பின் கொறிப்பதும் இன்சுலினுக்கு உடம்பு சரியாக இசையாமல் போவதும் திரும்பி வந்தன. சின்ன ஆய்வுதான்; ஆனால் பட்டினியும் விருந்துமாக மாறி மாறித் தூங்குவதில் ஆதாயம் குறைவு என்பதை நான் நம்புகிறேன்.

இலையுதிர்காலம் இதில் எங்கே வருகிறது? வெளிச்சத்தில். கண்ணில் பார்வைக்கான அணுக்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறு சில நரம்பணுக்களும் உண்டு. நீல ஒளிக்கு அதிகம் மசியும் அவை, பகலா இரவா என்ற செய்தியை நேரே கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விடுதி அறை விளக்கில் கிடைப்பது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய பூங்காவில்கூட அது பல ஆயிரங்களைத் தொடும். நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, கடிகாரத்துக்கு நன்றாக உறைக்கிறது. சென்னையில் ஆண்டின் மிகச் சிறிய பகல்கூட 11 மணி நேரத்துக்குக் குறையாது. நியூயார்க்கில் டிசம்பரில் அது 9¼ மணியாகச் சுருங்கும். சென்னையிலிருந்து படிக்கப் போகிறவர்கள் இதற்கு முன் சந்தித்திராத விஷயம் இது. குளிரைப் பற்றித்தான் எல்லாரும் எச்சரித்து அனுப்புவார்கள்.

எந்த நேரத்து வெளிச்சம் என்பதும் முக்கியம். எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் உடல் வெப்பம் ஆகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு படும் ஒளி கடிகாரத்தை முன்னே இழுக்கிறது, அதற்கு முன்பு படும் ஒளி பின்னே தள்ளுகிறது. 11 மணிக்கு எழுந்து பழகியவளுக்கு அந்தப் புள்ளி 8 மணியை ஒட்டி விழலாம். அப்படியானால் திங்கள் 7.45க்கு அரைத்தூக்கத்தில் அவள் நடந்துபோகும் காலை வெயில், உதவுவதற்குப் பதில் இன்னும் தாமதப்படுத்தக்கூடும்! 'காலையில் வெளிச்சம் பார்' என்ற பொது அறிவுரை இங்கே காலை வாருகிறது. ஞாயிறன்றே ஒரு மணி நேரம் முன்னதாக, 10 மணிக்கு எழுந்து, காபியை அறைக்குள் குடிக்காமல் வெளியே கொண்டுபோவது இதைவிடப் பயன் தரும். கோடையில் ஒரே ஒரு வாரஇறுதியை மலையில் கூடாரமடித்து, செயற்கை விளக்கே இல்லாமல் கழித்தவர்களுக்கு மெலடோனின் சுமார் 1.4 மணி நேரம் முன்னதாகத் தொடங்கியது என்று கொலராடோக்காரர்கள் 2017இல் காட்டினார்கள். வீட்டிலேயே இருந்தவர்களுக்கு அது பின்னே போனது. ராத்திரி முழுக்க ரயில் ஓடும் நகரத்தில் அவ்வளவு இருட்டு கிடைக்காதுதான், பகலையாவது எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அமெரிக்கக் கடிகாரங்களை 1 மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள். 2007 முதல் இந்தத் தேதிதான். பிந்தி ஓடும் உடம்புகளுக்கு அன்று அரசே ஒரு மணி நேரத்தை இனாமாகத் தருகிறது. பெரும்பாலும் அன்றைக்கே வரும் நியூயார்க் மாரத்தானில் ஓடுகிறவர்களுக்கும் கொண்டாட்டம். ஆனால் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மத்தியானம் 12க்கு எழுகிறவளுக்கு அன்று மிச்சம் 5 மணி நேரப் பகல்கூட இல்லை.

அவள் கையில் இருக்கும் இன்னொரு வழி, வகுப்பையே கடிகாரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது. பல பல்கலைக்கழகங்களில் அடுத்த பருவத்துக்கான பாடப் பதிவு நவம்பரில்தான் திறக்கும். ஒரே பாடம் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இருந்தால், 11 மணி இடங்கள் முதலில் நிரம்பிவிடும். பதிவு விடியற்காலையிலேயே திறந்தால், அன்று ஒரு நாளாவது அவள் அலாரம் வைத்து எழுந்துதான் ஆக வேண்டும்.