தீபாவளி எண்ணெய்ப் பிசுக்கு ஏன் லேசில் போவதில்லை?

முறுக்கும் அதிரசமும் சுட்ட மறுநாள், அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸைத் தொட்டால் விரல் வழுக்கும். அப்படியே விட்டுவிட்டுப் பொங்கலுக்குத் தொட்டால் விரல் ஒட்டும். வழுக்கியது எண்ணெய். ஒட்டுவது எண்ணெயே அல்ல, அதிலிருந்து உருவான வேறொரு பொருள். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது அசையாததற்குக் காரணம் இதுதான்.

பொரிக்கும் எண்ணெய் சுமார் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். மாவில் உள்ள தண்ணீர் அதில் பட்டதும் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. சடசடவென்று குமிழி விட்டு வெளியேறும் அந்த ஆவி, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளையும் தூக்கிக்கொண்டு போகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன், அலமாரிக் கதவு, மிக்ஸி என எல்லாவற்றின் மேலும் அது படிகிறது.

புதிதாகப் படிந்ததைப் பாத்திரம் கழுவும் லிக்விட் எளிதாக எடுத்துவிடும். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெய்முனைகள் எல்லாம் ஒரு துளியைச் சூழ்ந்துகொள்ள, துளி தண்ணீரோடு போய்விடும். சென்னையில் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் சாதாரண சோப்பு சரியாக நுரைக்காது. அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகிவிடும். இன்றைய லிக்விடுகள் செயற்கை டிடர்ஜென்ட் என்பதால் இந்தத் தண்ணீரை ஓரளவு தாங்குகின்றன.

துடைக்காமல் விட்டால்தான் சிக்கல். சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டையாகப் பிணைந்த இடங்கள், அதிகம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களைத் தாக்க, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய வலையாகின்றன. இதுதான் பாலிமர். அடுப்புச் சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு, அதனால் அது இப்படி இறுகுவதில்லை. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் காய்வதும் இதே வினையால்தான். பழகிய இரும்பு தோசைக்கல்லின் கறுப்புப் பளபளப்பும் இதுவே! சுவரில் இருந்தால் அழுக்கு, கல்லில் இருந்தால் தோசை ஒட்டாமல் காக்கும் பூச்சு.

இறுகிய பிசுக்கை டிடர்ஜென்ட் பிரித்தெடுக்காது, பிணைப்புகளை உடைக்க வேண்டும். அதற்குக் காரம் தேவை; மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துணியில் நனைத்து டைல்ஸில் கால் மணி நேரம் ஒட்டி வைத்தால் பிசுக்கின் ஒரு பகுதி சோப்பாகவே மாறிக் கழன்று வரும். கையுறை அவசியம். அலுமினியச் சட்டியில் மட்டும் இதைப் போடாதீர்கள், காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். தோசைக்கல் பக்கமும் கொண்டுபோக வேண்டாம்.

ஆப்ப சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நான் நம்புவதில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், பிசுக்குக்கு எதிராக மிச்சம் இருப்பது பெரும்பாலும் உப்புநீர்தான். எலுமிச்சையையும் புளியையும் பித்தளைப் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அமிலம் கறுத்த ஆக்சைடைக் கரைத்து, உள்ளிருக்கும் பளபளப்பை வெளியே கொண்டுவரும்.

வாணலியில் மிஞ்சிய எண்ணெயிலும் இதே பாலிமர் வினை நடந்திருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெட்டியாகி நுரைப்பது அதனால்தான். அதை ஸிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள். குழாயில் படிந்து, கால்சியத்தோடு சேர்ந்து கெட்டிக் கட்டியாகும். தீபாவளியை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவமழையில் சாக்கடை அடைத்து எதிர்த்து வந்தால் முதலில் அவதிப்படுவது தரைத்தள வீட்டுக்காரர்கள். ஆறிய எண்ணெயைப் பழைய பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். சட்டியைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் காட்டுங்கள்.