சிவப்பு லைட்டுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

அலுவலகங்களுக்கு போன் சிஸ்டம் பொருத்துவதும் அதைப் பராமரிப்பதும் என் தொழில். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) விசிட்டுக்குப் போனால் சர்வர் ரூமுக்குள் நுழையும் முன் மேஜைகளை ஒரு சுற்று பார்த்துவிடுவேன். ஒரு அலுவலகத்தில் ரிசப்ஷன் போனின் மூலையில் மெரூன் கலரில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. “அந்த லைட்டு ராத்திரி பகலா சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு தம்பி. கண்ணை உறுத்துச்சு, ஒட்டிட்டேன். ரிப்பேர்தானே?” என்றார் அங்கிருந்த அக்கா.

ரிப்பேர் இல்லை. வாய்ஸ்மெயில், அதாவது ஆள் எடுக்காதபோது பதிவாகும் குரல் செய்தி, வந்திருக்கிறது என்று சொல்லும் விளக்கு அது. வாய்ஸ்மெயில் பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். கேட்கப்படாத செய்திகள் மாதக்கணக்கில் கிடந்தன. பாதிக்கு மேல் மேனேஜர் எல்லோருக்கும் அனுப்பிய அறிவிப்புகள்: பொங்கல் வாழ்த்து, ஆடிட் தேதி, பார்க்கிங் மாற்றம். “எல்லாருக்கும் ஒரே தடவையில் மெசேஜ் போற மாதிரி செஞ்சு குடுங்க” என்று கேட்டு வாங்கி, அதற்குக் காசும் கொடுத்திருந்தார்கள். செய்தி போனது என்னவோ உண்மை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் அலுவலகங்களில் வாய்ஸ்மெயில் ஒரு பழக்கமாக ஊன்றவே இல்லை. ஆள் எடுக்காவிட்டால் மறுபடி அடிப்போம், இல்லையென்றால் வாட்ஸ்அப். அமெரிக்காவிலேயே கோகோ கோலா தன் அட்லாண்டா தலைமையகத்தில் 2014 டிசம்பரில் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிட்டது. இருந்தாலும் புது சிஸ்டம் வாங்குகிற ஒவ்வொருவரும் இந்த வசதியைக் கேட்கிறார்கள். சரி, கேட்கட்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது.

நான் பொருத்துகிற சர்வர்களில் பெரும்பாலும் ஆஸ்டெரிஸ்க் ஓடுகிறது. 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் எழுதத் தொடங்கிய, அலுவலக போன்களை இயக்கும் இலவச மென்பொருள் அது. அதற்கு மேல் திரையில் கிளிக் செய்து அமைக்க ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற உறை உண்டு. அதில் ‘வாய்ஸ்மெயில் பிளாஸ்டிங்’ என்ற பகுதிக்குப் போய் ஒரு குழு எண் கொடுத்து, யார் யார் வாய்ஸ்மெயில் பெட்டி என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அந்த எண்ணை அடித்து, பீப் வந்ததும் பேசினால் எல்லோருக்கும் போய்விடும்.

உள்ளே நடப்பது இதுதான். 101&102&103 என்று பெட்டி எண்களைக் கோத்து ஒரே கட்டளை போகிறது. பேச்சு முதல் பெட்டியில் பதிவாகிறது. அப்புறம் மற்ற பெட்டிகளுக்கு நகல் எடுக்கப்படுகிறது. ஒரு பெட்டியில் இத்தனை செய்திதான் கொள்ளும் என்று வரம்பு உண்டு, மாற்றாவிட்டால் 100. நகல் போகிற பெட்டி நிரம்பியிருந்தால் அந்த நகல் விழாது. சர்வரின் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு சிஸ்டம் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். பேசியவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆக, பழைய அறிவிப்புகளைக் கேட்காமல் குவித்து வைத்தவருக்குத்தான் புது அறிவிப்பும் போகாது. வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகளும் இப்படியே நிரம்பிக்கொண்டிருக்கும். ஆள் போனால் எச்.ஆர். அடையாள அட்டையை வாங்கிக்கொள்வதோடு சரி. அவருடைய எக்ஸ்டென்ஷனை (உள் போன் எண்ணை) எடுக்கச் சொல்லி எனக்கு போன் வந்த அலுவலகங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இப்போது நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நிர்வாகத்தில் மூத்த ஒருவர் ஸ்பீக்கரைப் போட்டு, குழு எண்ணை அடித்து, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றிப் பேசினார். பேசி முடித்து ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார். எதிரே இருந்தவரோடு இந்த வருடம் யாருக்கு இன்க்ரிமென்ட், யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்ற பேச்சு தொடர்ந்தது. இடையில் மௌனம் வந்தால் பதிவு தானாக நிற்கும்படி அமைத்திருந்தது, ஆனால் அன்றைக்கு மௌனமே வரவில்லை. ஒரு செய்தி இத்தனை நொடிதான் என்ற உச்ச வரம்பும் போடவில்லை. அதைப் போடாமல் விட்டது நான்.

அவர் எனக்கு போன் செய்தபோது குரல் நடுங்கியது. “தம்பி, உடனே அழிக்கணும்.” பெட்டிகளில் இருந்த ஒலிக் கோப்புகளை அழிக்கச் சில நிமிடம்தான் ஆனது. ஆனால் அந்த அலுவலகத்தில் செய்தியை மின்னஞ்சலிலும் இணைத்து அனுப்பும் வசதியைப் போட்டிருந்தார்கள். அவை ஏற்கெனவே போய்விட்டன. அவரவர் கைபேசிக்குள் போன கோப்பை எந்த சர்வரிலிருந்து நான் அழிப்பது? அன்று மாலை கேன்டீனில் எல்லோரும் வழக்கத்துக்கு மேல் அமைதியாக இருந்தார்களாம்.

ரிசீவரை வைத்துவிட்டால் செய்தி ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. உளறிவிட்டோமே என்று பதறி போனை வைத்தால் அந்த உளறல்தான் அனுப்பப்படும். ஆஸ்டெரிஸ்க்கில் ‘ரிவ்யூ’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, கேட்டு வாங்காவிட்டால் அணைந்தே இருக்கும். அதை இயக்கிவிட்டால், பேசி முடித்து # அழுத்தியதும் ஏற்க 1, கேட்டுப் பார்க்க 2, மறுபடி பேச 3 என்று வரும். எல்லோருக்கும் அறிவிக்கிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். ஒரு நிமிட வரம்பும் வேண்டும். இப்போது இரண்டும் இல்லாமல் நான் எந்த இடத்தையும் ஒப்படைப்பதில்லை.

மின்னஞ்சல் இணைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண வேவ் வடிவில் ஒரு நிமிடப் பேச்சு சுமார் 960 கிலோபைட். மின்னஞ்சலில் இணைக்கும்போது அது மூன்றில் ஒரு பங்கு கூடும். 200 பேருக்குப் போனால் ஒரு நிமிடத் தண்ணீர்த் தொட்டி அறிவிப்பு 250 எம்பியைத் தாண்டி வெளியே போகும். சின்ன அலுவலகங்களில் இலவச ஜிமெயில் கணக்கு ஒன்றைக் கொடுத்து “இதிலிருந்தே போகட்டும்” என்பார்கள். அதற்கு நாளொன்றுக்கு 500 பேர்தான் வரம்பு. மூன்றாவது அறிவிப்பின்போது கணக்கு முடங்கும், அதோடு சேர்ந்து வாடிக்கையாளர் விட்டுப்போன குரல் செய்தியும் மின்னஞ்சலில் வராது.

பெரிய நிறுவனங்களில் இருக்கும் வாய்ஸ்மெயில் மென்பொருளான சிஸ்கோ யூனிட்டி கனெக்‌ஷனில் இதற்கென்றே பிராட்காஸ்ட் என்று தனி வகை இருக்கிறது. பெட்டிக்குள் நுழைந்தவுடன், மற்ற எந்தச் செய்திக்கும் முன்னால் அது ஒலிக்கும், தாண்டிப் போக முடியாது. கேட்க நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அது சிவப்பு விளக்கை எரியவிடாது. தினமும் பெட்டியைத் திறக்கிறவர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் பயன். விளக்கும் எரிய வேண்டுமென்றால் விநியோகப் பட்டியல் வழியாக சாதாரணச் செய்தியாகத்தான் அனுப்ப வேண்டும்.

அவசரத்துக்கு இரண்டுமே உதவாது. தீ, கேஸ் கசிவு, மழைக்காக மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்ற அறிவிப்பு, இவற்றுக்குப் பேஜிங்தான் வழி. போனின் ஸ்பீக்கர் தானாகத் திறந்து அந்த நொடியே ஒலிக்கும். மழை விடுமுறையை வாய்ஸ்மெயிலில் சொன்ன ஓர் இடத்தில், மறுநாள் காலை நனைந்துகொண்டே வந்து சேர்ந்தவர்கள்தான் முதலில் அதைக் கேட்டார்கள்.

பேசும் விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்கள் வாய்ஸ்மெயிலில் விஷம். திங்கட்கிழமை பேசிய ‘நாளை’யை வியாழக்கிழமை கேட்பார்கள். தேதியும் கிழமையும் சொல்லுங்கள். யார் பேசுவது, எந்தப் பிரிவுக்கு என்பது முதல் மூச்சிலேயே வரட்டும். “அனைவருக்கும் வணக்கம், இந்த இனிய காலைப் பொழுதில்” என்று தொடங்கினால் கேட்பவரின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விடும்.

அப்புறம், பூட்டு. குழு எண்ணுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார்களா, வெளியிலிருந்து வரும் அழைப்பில் அந்த எண்ணை அடித்தால் போய்ச் சேருகிறதா என்று உங்கள் கைபேசியிலிருந்தே சோதித்துப் பாருங்கள். சேர்ந்தால், ஊரில் யார் வேண்டுமானாலும் உங்கள் மொத்த அலுவலகத்துக்கும் அறிவிப்புக் கொடுக்கலாம். பல இடங்களில் வாய்ஸ்மெயில் பின் நம்பர், எக்ஸ்டென்ஷன் எண்ணேதான். பிரிட்டனில் மாற்றப்படாத பின் நம்பர்களைப் பயன்படுத்திப் பிறர் செய்திகளை ஒட்டுக்கேட்ட விவகாரம்தான் 2011 ஜூலையில் நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் பத்திரிகையையே மூட வைத்தது. எம்.டி. குரலில் வங்கிக் கணக்கு எண் மாற்றம் பற்றிச் செய்தி வந்தால் நேரில் கேட்காமல் நகராதீர்கள் என்று அக்கவுன்ட்ஸில் இருப்பவர்களிடம் ஒவ்வொரு விசிட்டிலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஸ்டிக்கர் பொட்டு அலுவலகத்துக்கு வருகிறேன். மேனேஜரை சர்வர் முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை செய்தி கேட்கப்படாமல் இருக்கிறது என்று காட்டும் கட்டளையை ஓட்டினேன். பட்டியல் நீளமாக ஓடியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இந்த 204 யாரு தம்பி? இவ்வளவு கேட்காம வச்சிருக்கான்?”

“உங்க எக்ஸ்டென்ஷன் சார்” என்றேன்.