தேதியே இல்லாத புதைகுழிகளை பெட்ரி எப்படி வரிசைப்படுத்துனார்?

எகிப்துக்கு ஆரம்பத்துல தோண்டப் போனவங்கள்ல நிறைய பேருக்கு வேண்டியது சிலை, மம்மி, எழுத்து இருக்குற கல்லு, சாதா மண்பானைய யாரும் பெருசா கண்டுக்கல. பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் பிளின்டர்ஸ் பெட்ரி அந்தப் பானையத்தான் கெட்டியா புடிச்சுக்கிட்டார்.

1894-95ல தெற்கு எகிப்துல இருக்குற நகாடாவுல அவரோட டீம் 2,000க்கு மேல புதைகுழி தோண்டுச்சு (தோண்டுனது எகிப்து கிராமத்து ஆளுங்க, அவங்க பேரும் இந்தக் கதையில வரணும்). சிக்கல் என்னன்னா அதுல எழுத்து கிடையாது, ராஜா பேரு கிடையாது, ஒண்ணு மேல ஒண்ணு இருந்தாலாவது கீழ இருக்குறது பழசுன்னு சொல்லலாம், இது பக்கத்து பக்கத்துல கிடக்குது. அங்க புதைக்கப்பட்டவங்கள பெட்ரியே முதல்ல பிரமிடு காலத்துக்கு அப்புறம் வந்த ஒரு 'புது இனம்'னு தப்பா நினைச்சார், பரோக்களுக்கு (எகிப்து ராஜாக்களுக்கு) முந்துன ஆளுங்கன்னு பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் டி மோர்கன்தான் சரியா சொன்னார்.

அப்புறம் பெட்ரி செஞ்சதுதான் எனக்கு இன்னிக்கும் பிரமிப்பு. நகாடா, ஹூ மாதிரி இடங்கள்லேர்ந்து 5 வகைக்குக் குறையாம பானை இருந்த 900 குழிய எடுத்து, குழிக்கு ஒரு அட்டைச் சீட்டுன்னு போட்டு எந்தெந்த வகை இருக்குன்னு எழுதிட்டார். எந்தப் பானை வகையும் ஒரு காலத்துல வரும், பரவும், மறையும். ஒரு குழியில அ-வும் ஆ-வும், இன்னொண்ணுல ஆ-வும் இ-யும், ஆனா அ-வும் இ-யும் சேர்ந்து எங்கயுமே இல்லைன்னா ஆ நடுவுல வந்தது. இப்படி ஒரே வகை சிதறாம பக்கத்துல பக்கத்துல வர்ற வரைக்கும் சீட்டை மாத்தி மாத்தி அடுக்குனார், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, கையால.

சரி, வரிசை கிடைச்சாச்சு, எந்த முனை பழசு? அதுக்கு கைகொடுத்தது அலை கைப்பிடிப் பானை, அதாவது அலை மாதிரி நெளிஞ்ச கைப்பிடி வெச்ச பானை. ஆரம்பத்துல உருண்டையா, நிஜமாவே புடிச்சுத் தூக்குற கைப்பிடியோட இருக்கு, போகப் போக பானை ஒல்லியாகி உருளை மாதிரி ஆகுது, கைப்பிடி சுருங்கி சுருங்கி கடைசியில வெறும் அலங்காரக் கோடு. வெறும் கோடு முதல்ல வந்து அப்புறம் கைப்பிடியா வளர்ந்திருக்கும்னு சொல்ல முடியாதுல்ல, அதனால திசை புரிஞ்சிடுச்சு.

இந்த வரிசைக்கு 30லேர்ந்து 80 வரைக்கும் நம்பர் குடுத்தார். இது வருஷம் இல்ல, முன்ன பின்னன்னு மட்டும்தான் சொல்லும், 40க்கும் 50க்கும் நடுவுல எவ்வளவு காலம்னு இதை வெச்சு கேட்கவே கூடாது, அதுக்கெல்லாம் பழைய பொருள்ல மிச்சமிருக்குற கார்பனை வெச்சு வயசு சொல்ற ரேடியோ கார்பன் முறை வர வேண்டியிருந்துச்சு. 30ல ஆரம்பிச்சதுக்கும் காரணம் இருக்கு, இதைவிட பழசு பின்னாடி கிடைச்சா வைக்க இடம் வேணும்னு விட்டுவெச்சார். 1920கள்ல எகிப்துலயே படாரிங்கற இடத்துல அப்படியே கிடைச்சது, அதுக்கு 21லேர்ந்து 29 வரைக்கும் குடுத்தாங்க.