எண்ணெய்க் கிணற்றில் யாருக்கு எந்த வேலை?

நைஜீரியாவின் ஒலோய்பிரி என்ற ஊரில் 1956-ஆம் ஆண்டு வணிக அளவில் எண்ணெய் கண்டறியப்பட்டது, கண்டறிந்தது ஷெல்-பி.பி. கூட்டு நிறுவனம். நாடு விடுதலை பெற்றபின், 1971-இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் சேர்ந்தது, 1977-இல் என்.என்.பி.சி. என்ற அரசு எண்ணெய் நிறுவனம் உருவானது. எண்ணெயின் உரிமை இவ்வாறு கைமாறிய வேகத்தில், அதை எடுக்கும் வேலை கைமாறவில்லை. இதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு என்றாலும், கிணறு தோண்டும் தொழில்நுட்பத்திலேயே ஒரு காரணம் அடங்கியிருக்கிறது.

எண்ணெய் வயலை நடத்தும் நிறுவனமே கிணற்றையும் தோண்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், துளையிடும் எந்திரக் கோபுரமான ரிக் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதற்கு நாள் வாடகை. குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்ட் செலுத்துவது மற்றொரு நிறுவனம். பாறையின் இயல்பை அளப்பது இன்னொன்று. ஒரு கிணற்றில் சில நாட்களே தேவைப்படும் விலையுயர்ந்த கருவியைச் சொந்தமாக வாங்கி முடக்கிவைப்பதைவிட, அதை உலகெங்கும் கிணறு கிணறாகக் கொண்டு செல்பவரிடம் வேலையை ஒப்படைப்பதே மலிவு. ஆகவே அவுட்சோர்சிங் என்பது ஏழை நாடுகளின் இயலாமை மட்டுமன்று. பெருநிறுவனங்களும் அதையே செய்கின்றன. ஆனால், எதைக் கேட்க வேண்டும், கிடைத்த விடை சரியா என்பதைத் தீர்மானிக்கும் அறிவை அவை தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

இந்த ஏற்பாட்டின் வேர் 1927-இல் இருக்கிறது. பிரான்சின் பெஷல்பிரான் வயலில், ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழுவினர் மின்முனைகளைக் கிணற்றுக்குள் இறக்கிப் பாறைகளின் மின்தடையை அளந்தார்கள். உப்புநீர் நிறைந்த பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், எண்ணெய் நிறைந்த பாறை கடத்தாது என்பதுதான் அடிப்படை. கருவியை விற்காமல் அளவீட்டை விற்கும் தொழில் இப்படித்தான் வளர்ந்தது.

அந்த அளவீடு இன்று துளையிடும்போதே நடக்கிறது. துளைமுனை சுழன்றுகொண்டிருக்கிறது; அதற்கு மேலே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள குழாய்கள் பல நூறு, ஒன்றோடொன்று திருகி இணைக்கப்பட்டுத் தொங்குகின்றன. இவற்றின் ஊடே மின்கம்பியைக் கொண்டுசெல்வது பெரும்பாடு. அதனால் பொறியாளர்கள் குழாய்க்குள் ஓடும் சேற்றையே கம்பியாக்கினார்கள். துளைமுனையைக் குளிர்வித்து, அரைபட்ட பாறைத் துகள்களை மேலே கொண்டுவருவதற்காகச் செலுத்தப்படும் அந்தச் சேற்றின் ஓட்டத்தை, கருவியிலுள்ள சிறு வால்வு ஒன்று நொடிப்பொழுது தடுத்து விடுகிறது. அப்போது எழும் அழுத்த அலை மேலே வந்து, ரிக்கிலுள்ள உணரியைத் தொடுகிறது. நொடிக்குச் சில பிட்டுகளே கிடைக்கும் மந்தமான தந்தி இது. ஆனாலும் துளை எந்தத் திசையில் போகிறது, எந்தப் பாறையில் நிற்கிறது என்று சொல்ல அதுவே போதும்.

அத்தனை சிறிய தகவலைச் செயற்கைக்கோள் வழியாக எங்கும் அனுப்பிவிடலாம் என்பதுதான் இங்கே முக்கியம். ரிக்கில் குழாய் இணைப்பவரும் சேறு கலப்பவரும் அங்கேயே இருந்தாக வேண்டும். துளையை எங்கே திருப்ப வேண்டும் என்று முடிவெடுப்பவரோ வேறொரு கண்டத்தில் அமர்ந்து ஒரே நேரத்தில் பல கிணறுகளைக் கவனிக்கலாம். கைவேலை கிணற்றருகே தங்கிவிட, முடிவெடுக்கும் வேலை தொலைதூரம் போய்விடுகிறது.

ஆழ்கடல் இந்தப் பிரிவினையை இன்னும் கூர்மையாக்கியது. நைஜீரியக் கடலில் 2005-இல் உற்பத்தி தொடங்கிய போங்கா எண்ணெய் வயலில் கடலின் ஆழம் 1,000 மீட்டருக்கும் அதிகம். அங்கே கடற்படுகையில் மேடை ஊன்ற முடியாது. எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் மிதக்கும் கப்பல்தான் வேண்டும். அத்தகைய கப்பலைக் கட்டும் தளங்கள் உலகில் மிகச் சில.

இதை எதிர்கொள்ளத்தான் 2010-இல் நைஜீரியா உள்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலைவாரியாக, மனித மணிநேரத்திலும் எடையிலும் செலவிலும் உள்நாட்டுக்கு எத்தனை விழுக்காடு என்று அதன் அட்டவணை வரையறுக்கிறது. இத்துறையின் ஒப்பந்தத் தொகைகளில் 1 விழுக்காடு இதற்கான நிதிக்குப் போகிறது. இதன் பயனை, நைஜீரியாவின் எகினா என்ற ஆழ்கடல் வயலுக்கான மிதக்கும் கப்பலில் பார்க்கலாம். நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாய் திறனுள்ள இக்கப்பலைத் தென்கொரியாவில் சாம்சங் கட்டியது. ஆனால் அதன் மேல்தளத்தின் 18 தொகுதிகளில் 6 நைஜீரியாவிலேயே உருவாக்கப்பட்டு, லாகோசில் கப்பலோடு இணைக்கப்பட்டன. 2018 இறுதியில் அவ்வயலில் உற்பத்தி தொடங்கியது.

என் பார்வையில் இது மெய்யான முன்னேற்றம். பட்டறையும் பாரந்தூக்கியும் தேர்ந்த வெல்டர்களும் அந்தக் கப்பல் போனபிறகும் ஊரில் இருப்பார்கள். எனினும், வெல்டிங் செய்த எஃகை நிறுத்துக் கணக்குக் காட்டுவது எளிது. சேற்றில் ஏறிவரும் அந்த அழுத்த அலைகளைப் படித்து, துளையை இரண்டு பாகை திருப்பச் சொல்பவர் யார் என்பதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. அந்த இருக்கையில் உள்நாட்டுப் பொறியாளர் அமர, அளவீட்டுத் தரவு முழுவதும் அவருக்குக் கிடைக்க வேண்டும், தவறான முடிவின் பொறுப்பையும் அவர் ஏற்க வேண்டும்.