மன்ஹாட்டன்ஹெஞ்ச்: தமிழில் என்ன சொல்லலாம்?

மே மாத இறுதியிலும் ஜூலை இரண்டாம் வாரத்திலும், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மறையும் சூரியன் குறுக்குத் தெருக்களின் மேற்கு முனையில், இருபுறக் கட்டடங்களுக்கும் நட்டநடுவே வந்து உட்காரும். 14, 23, 34, 42, 57ஆம் தெருக்கள் அகலமானவை என்பதால் கூட்டம் அங்கேதான் கூடும். இதற்கு மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்ற பெயரைப் பரப்பியவர் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன்.

பெயரின் பின்பாதி இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து வெட்டி எடுத்தது. அந்தக் கல்வட்டம் ஜூன் நெடும்பகல் நாளின் சூரிய உதயத்தை நோக்கி அமைந்தது. ஆனால் 'ஹெஞ்ச்' என்பதற்கும் சூரியனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொங்குதலைக் குறிக்கும் பழைய ஆங்கில வேரிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். நிற்கும் கற்களின்மேல் குறுக்கே கிடத்திய கல்லைப் பார்த்து வைத்த பெயர். பின்னர் தொல்லியலாளர்கள், அகழியும் அதற்கு வெளியே மண்கரையும் கொண்ட வட்டங்களுக்கு 'ஹெஞ்ச்' என்பதைப் பொதுப்பெயராக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இலக்கணப்படி ஸ்டோன்ஹெஞ்சே தேறாது: அங்கே அகழி கரைக்கு வெளியே இருக்கிறது.

நாளைக் கணிப்பது கடினமன்று. 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி போடப்பட்ட மன்ஹாட்டன் கட்டத் தெருக்கள், நேர் மேற்கிலிருந்து 29 டிகிரி வடக்கே திரும்பியவை. ஜூன் 21ஐ ஒட்டிச் சூரியன் அங்கே மேற்கிலிருந்து சுமார் 32 டிகிரி வடக்கு வரை போய் மறையும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை 29ஐக் கடக்கும். அதனால்தான் இரண்டு தேதிகள். அவை ஜூன் 21க்கு இருபுறமும் ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கும். சூரியன் செங்குத்தாக இறங்காமல் வலப்பக்கம் சரிந்தே இறங்குவதால், முழுவட்டம் அடிவானத்தின்மேல் நிற்கும் நாளும் அரைவட்டம் தெரியும் நாளும் அடுத்தடுத்து வரும். மேயில் அரைவட்டம் முந்தும், ஜூலையில் முழுவட்டம் முந்தும்.

சிகாகோவின் தெருக்கள் பெரும்பாலும் நேர் கிழக்கு மேற்காகச் செல்வதால், அங்கே இக்காட்சி மார்ச், செப்டம்பர் சமபகல் நாட்களையொட்டி வரும். அப்போது மறையும் இடம் நாளுக்குச் சுமார் அரை டிகிரி, அதாவது சூரியனின் அகலத்துக்கு, நகர்ந்துவிடும். பார்க்க நினைப்பவர் தாமதிக்கக் கூடாது. மன்ஹாட்டனில் அதில் பாதிக்கும் குறைந்த வேகம்தான்.

வேறு நகரத்துக்குக் கணிப்பவர்கள் தெருவின் கோணத்தை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். திசைகாட்டி ஊசியை அப்படியே நம்பினால் தேதி எங்கோ போய்விடும்: நியூயார்க்கில் அது உண்மை வடக்கைவிட ஏறத்தாழ 13 டிகிரி மேற்கே காட்டும்.

இனி தமிழ். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மன்ஹாட்டன் தொங்கல்' என்றாகும்; சிரிப்புதான் வரும். மறையும் சூரியனுக்குப் 'படுஞாயிறு' என்ற அழகிய பழஞ்சொல் இருக்கிறது. ஆனால் மன்ஹாட்டனில் டிசம்பர் தொடக்கத்திலும் ஜனவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியும் அதே தெருக்களின் கிழக்கு முனையில் உதயமும் நேராக வருகிறது. அதை இச்சொல் விட்டுவிடும். 'சூரிய வீதி ஒருங்கமைவு' பொருளில் சரி, வாயில் நுழையாது. என் தேர்வு 'தெருநேர் ஞாயிறு'. உதயம், மறைவு இரண்டுக்கும் பொருந்தும். முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்து 'மன்ஹாட்டன் தெருநேர் ஞாயிறு', 'சிகாகோ தெருநேர் ஞாயிறு' என்று எழுதலாம். வாரநாள் என்று யாரேனும் மயங்கக்கூடும் என்று தோன்றினால் 'தெருநேர்க் கதிரவன்' என்று மாற்றிக்கொள்ளலாம்.