கணவாய்க்கு இல்லாத உறை

பாம்பனில் படகு வந்து கூடை இறங்கும்போது ஊசிக்கணவாயும் சூடையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஏலம் எடுப்பவருக்கு இரண்டுக்கும் விலையில்தான் வித்தியாசம். எனக்கு நரம்பில். கணவாய் வெருண்டு பின்னோக்கிப் பாய்வதற்கென்றே தடித்த நரம்பிழைகள் அதற்கு உண்டு. சில இனங்களில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன், வெறுங்கண்ணுக்கே தெரியும். நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் இந்த இழையில்தான் அளந்தார்கள். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அவ்வளவு தடித்த இழையிலும் செய்தி நொடிக்குச் சுமார் 25 மீட்டர்தான் போகிறது. நம் உடலிலோ, அதில் ஐம்பதில் ஒரு பங்கு தடித்த இழையில் 100 மீட்டர் வரை போகும்.

காரணம் மயலின் என்ற கொழுப்பு உறை. நரம்பைச் சுற்றி இருப்பது உப்பு நீர். உறை இல்லாத இழையில் மின்துடிப்பு கசிந்துகொண்டே போகும். அடிக்கு அடி புதுப்பிக்க வேண்டும். உறை போட்ட இழையில் இடையிடையே விட்ட இடைவெளிகளில் மட்டும் புதுப்பித்தால் போதும், துடிப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். சூடைக்கும் சுறாவுக்கும் இது உண்டு, கணவாய்க்கு இல்லை. (இறால் தனிக்கதை. அதன் சில இனங்களில் வேறு வழியில் ஓர் உறை தோன்றி, நொடிக்கு 200 மீட்டர் வரை எட்டுகிறது. கையைவிட்டுத் துள்ளுவது சும்மா இல்லை.)

மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைச் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற உயிரணு. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரியோ ஓர்த்தேகா 1921-இல் வைத்த பெயர் இது. 'சில கிளைகளே உள்ள அணு' என்று பொருள். பாவம், அப்படி ஒரு பெயர். ஒரே அணு ஐம்பது கைகள் வரை நீட்டி ஐம்பது இடங்களில் உறை சுற்றும். சுற்றும் நாள்களில் தன் எடையைவிடக் கூடுதலான சவ்வை ஒரே நாளில் செய்துவிடும்.

இவ்வளவு வேலை செய்வதுதான் அதன் பலவீனமும். கொழுப்பு தயாரிக்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். மூளை அணுக்களில் இரும்பு மிகுந்தது இதுதான். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று, பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதத்தில் ரத்தம் தடைபட்டாலோ, அடிபட்டு அழற்சி வந்தாலோ, அணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். அவற்றைத் தணிக்கும் குளூட்டாதயோன் இந்த அணுவிடம் குறைவு. அதனால் முதலில் விழுபவற்றில் இதுவும் ஒன்று.

விழுவதற்கு முன் அது ஒன்று செய்து பார்க்கிறது. நெருக்கடியில், சரியாக மடியாத புரதங்கள் உள்ளே குவியும். உடனே அணு பெரும்பாலான புரதத் தயாரிப்பை நிறுத்திவிட்டு, மடிப்பைச் சரிசெய்யும் உதவிப் புரதங்களை மட்டும் செய்யும். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதுபோல. கடலுக்கும் மூச்சு, படகைப் பழுதுபார்க்கவும் நேரம். அதையே ஆறு மாதம் நீட்டினால் வீட்டில் உலை கொதிக்காது. அணுவிலும் தடை நீண்டுகொண்டே போனால், பழுதுபார்ப்பைக் கைவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும் வழிக்கு மாறிவிடும். ஆனால் அளவாக நீட்டித்தால் பலன் உண்டு. குவானபென்ஸ் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்து எலிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். அழற்சிக்கு நடுவிலும் அணுக்கள் தாக்குப்பிடித்தன. எலிக்கும் மனிதனுக்கும் நடுவே தூரம் அதிகம் என்பது வேறு விஷயம்.

சரி, செத்துப்போன இடத்தை யார் நிரப்புவது? மூளை அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இளம் முன்னோடி அணுக்கள். காயத்தை உணர்ந்து பெருகி, அங்கே நகர்ந்து, முதிர்ந்து உறை சுற்றுவது இவற்றின் பொறுப்பு. ஆனால் பிய்ந்து கிடக்கும் பழைய மயலின் சிதைவே இவை முதிர்வதைத் தடுக்கிறது. மைக்ரோகிளியா என்ற துப்புரவு அணுக்கள் அதைத் தின்று முடிக்க வேண்டும். வயது ஏற ஏற அந்த வேலை சுணங்கும். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற, மயலின் உறை சிதையும் நோய் வந்தவர்களின் காயங்களில், முன்னோடி அணுக்கள் வந்து சேர்ந்தும் முதிராமல் நிற்பதைப் பார்க்கலாம். சுற்றிவிட்டாலும் புது உறை பழையதைவிட மெல்லியது.

இந்த மெல்லிய உறையும் உறை இழந்த இழையும் வெயிலில் மாட்டிக்கொள்ளும். உடல் சூடு சிறிது ஏறினாலே துடிப்பை உண்டாக்க நரம்பில் திறக்கும் சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிவிடும். துடிப்பு அடுத்த இடைவெளியை எட்டும் அளவுக்கு வலு பெறாது. உடலை வருத்தினால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை சற்று நேரம் மங்குவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் எழுதி வைத்தார். அக்னி நட்சத்திர நாளில் மண்டபம் கடற்கரையில் நடந்துவரும் ஒரு நோயாளிக்கு எதிரே வரும் முகம் மங்கும். வேப்ப நிழலில் உட்கார்ந்து, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உடம்பு ஆறியதும் முகம் மறுபடி தெளியும்.