மலைப் பாதையில் சைக்கிளில் வருபவரும் நடப்பவரும்: அனுமதி எங்கே, ஒதுங்குவது யார்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு மலை சைக்கிளோடு வருகிறவர்கள், எதிரே ஆள் வந்தால் யார் ஒதுங்குவது என்று கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்தப் பாதையில் சைக்கிளை இறக்கவே அனுமதி உண்டா என்பது. அனுமதி இல்லாத இடத்தில் எவ்வளவு மரியாதையாக ஓட்டினாலும் அது அத்துமீறல்தான்.

இரு மாவட்டங்களிலும் மலைக்காட்டின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதற்கு மேல், காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-லும், காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர், அனுமதிச் சீட்டு பெற்றவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே காட்டை ஊடுருவிப் போகும் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிப் போகலாம். அந்தச் சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் திரும்பிவிட்டால் அந்தப் பாதுகாப்பு முடிந்தது. சுற்றுலாவுக்கான அனுமதிச் சீட்டு 28-வது பிரிவின்படி தரப்படுகிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குப்பை போடுவதும் விலங்குகளைச் சீண்டுவதும் அதே 27-வது பிரிவிலேயே தடுக்கப்பட்டிருக்கின்றன. பிஸ்கட் உறையையும் கிழிந்த டியூபையும் திருப்பி எடுத்து வர வேண்டியது சட்டப்படியான கடமை.

மலையேற்றத்துக்குத் தனி விதிகள் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ மலையேறியவர்களின் உயிரைப் பறித்த பிறகு, அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் போகலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரம், அய்யூர் பகுதிப் பாதைகள் அதில் உள்ளன. அந்தப் பதிவு நடைக்கானது. அதைக் காட்டி சைக்கிளை உள்ளே கொண்டுபோக முடியாது. சைக்கிளில் போவதானால் மாவட்ட வன அலுவலருக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். பாதை, தேதி, ஆட்களின் எண்ணிக்கை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் ஆகியவற்றோடு சைக்கிள் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். வெறும் 'மலைப்பயணம்' என்று எழுதி வாங்கிய சீட்டு சோதனைச் சாவடியில் செல்லாமல் போகலாம். தீக்காலத்தில் நடைப் பாதைகளையே மூடிவிடுகிறார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை திட்டமிடாமல் இருப்பது நல்லது.

இனி ஒதுங்குவது. நடப்பவருக்கு சைக்கிள்தான் வழிவிட வேண்டும், ஏற்றமானாலும் இறக்கமானாலும். பல நாடுகளின் மலைப் பாதைகளில் இதுவே வழக்கம். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் இறங்கி வருபவர் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் ஒருமுறை நின்றவர் சரளைக் கல்லில் மறுபடி மிதித்துக் கிளம்புவது கடினம். வத்தல்மலை போன்ற மலைச் சாலைகளிலும், அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி ஓரம் நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதே மோட்டார் வாகன விதி.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். ஆளைப் பார்த்து பிரேக் பிடிக்கவே ஒரு நொடி ஆகும். இந்தக் காடுகளில் உண்ணிச்செடிப் புதர் பாதையை இருபுறமும் அடைத்து, வளைவுக்கு அப்பால் இருப்பதை மறைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சக்கரத்தை இழுக்க விடாதீர்கள். மழைக்குப் பின் அப்படிச் செம்மண்ணில் விழும் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும், பாதையே அரித்துப் போகும்.

பின்னாலிருந்து வரும்போது ஒரு 30 மீட்டர் இருக்கையிலேயே மணி அடித்து, "அண்ணா, பின்னாடி சைக்கிள் வருதுங்க, இன்னும் மூணு பேர் இருக்கோம்" என்று குரல் கொடுங்கள். எத்தனை பேர் என்று சொல்வது முக்கியம். முதல் சைக்கிள் போனதும் பாதைக்குத் திரும்புகிறவர்தான் இரண்டாவது சைக்கிளில் அடிபடுகிறார். நடப்பவர்களும் குழுவாக இருந்தால் எல்லோரும் ஒரே பக்கம், முடிந்தால் மேட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால் ஓட்டுபவர் தடுமாறுவார். காதில் பாட்டு வேண்டாம்.

விறகோ புல்கட்டோ தலையில் சுமந்து வரும் அம்மாவுக்குத் திரும்பிப் பார்க்க வராது, சட்டென விலகவும் முடியாது. இறங்கி, சைக்கிளைப் பாதைக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டு நில்லுங்கள். இந்தப் பாதைகள் மலையில் வாழ்பவர்கள் நடந்து நடந்து உண்டாக்கியவை. மாடு, ஆடு வந்தாலும் இறங்கி நில்லுங்கள், மேய்ப்பவர் சொல்லும் பக்கமே போங்கள். மணி அடித்தால் கன்று மிரண்டு பள்ளத்தில் குதிக்கும்.

யானைக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானை நம்மைக் கவனிக்கும் முன்பே மிக அருகில் போய்விடுவோம், ஆபத்தே அதுதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் யானைக் கூட்டங்கள் காட்டோரத்துக்கு வரும். அதிகாலையும் அந்தியும் அங்கே சைக்கிளுக்கு ஏற்ற நேரமல்ல. ஈரமான சாணியோ புதிதாக ஒடித்த கிளையோ கண்டால் நின்று, வந்த வழியே திரும்புங்கள். யானையைப் பார்த்துவிட்டால் மணி அடிக்கவோ கத்தவோ வேண்டாம். எதிரே நடந்து வருகிறவர்களையும் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, வனச் சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. கிளம்பும் முன்பே அந்த எண்ணைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு, திரும்பும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.